சிவத்தின் ஜீப்புக்குக் காற்றுப் பூட்டு

1

இன்றைக்கு என் அக்காவின் மகள் சுகந்தினிக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். காலையில் எழும்பினவுடன் எனக்கு ஞாபகம் வந்தது அவளுடைய முகம் அல்ல, சிவத்தின் ஜீப். பொறாமைக்காரனுக்கு ஞாபகங்கள் அந்த ஒழுங்கில்தான் வரும்போல.

சிவம் என் சிநேகிதன். நெடுங்கேணிக்கு உள்ளே, காட்டோரமாக இருக்கிற எங்கள் ஊரில் பக்கத்து வளவுக்காரன். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனோம், ஒன்றாகவே பள்ளிக்கூடத்தை விட்டோம். பிறகு நான் வெளிக்கிட்டேன், அவன் வெளிக்கிடவில்லை. எங்களுக்குள் வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசத்துக்குள்ளே என் குடும்பம் மெல்ல மெல்ல அவன் பக்கம் நகர்ந்துவிட்டது. அக்காவுக்கு ஒரு தம்பி, சுகந்தினிக்கு ஒரு மாமன் என்று நான் விட்டுவந்த கதிரையில் அவன் இருந்துவிட்டான். நான் இருக்கச் சொல்லவில்லை. எழும்பச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

நான் மெல்பேர்னில் கோதுமை மாவில் பாண் போடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இங்கே எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. நாலு சில்லும் இழுக்கிற ஒரு பழைய ஜப்பான் ஜீப் வைத்திருக்கிறேன். என்னைப்போல இன்னும் சிலர் சேர்ந்த ஒரு சங்கம் இருக்கிறது. மாதத்தில் ஒரு முறை நல்ல தார் றோட்டை விட்டு இறங்கி, மலைக்காட்டுக்குள் மரம் ஏற்றுகிறவர்கள் கைவிட்ட தடங்களில் ஏறி இறங்குவோம். அடுத்த சனிக்கிழமையும் போகிறோம். அதற்காகத்தான் காலையிலேயே குசினி மேசையில் வரைபடத்தை விரித்துவைத்திருக்கிறேன். வனத்துறையிடம் அனுமதி எடுக்கவேண்டும். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்கவேண்டும். எந்த இடத்தில் ரயர்க் காற்றைக் குறைப்பது, யார் முன்வண்டி, யார் கடைசி வண்டி, எங்கே கூடாரம் என்று எல்லாம் எழுதி எல்லாருக்கும் அனுப்பவேண்டும். ஒருத்தரும் இல்லாத இடத்துக்குப் போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்கு இவ்வளவு ஆயத்தம்.

மகள் ஆரணி பல்கலைக்கழகத்துக்கு வெளிக்கிட்டு நின்றாள். சனிக்கிழமை நீயும் வாவன் பிள்ளை, என்றேன். அப்பா, உங்களுக்கு ஏன் அந்த மண்ணிலே அப்படி விருப்பம் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். முன்பு பின்சீற்றில் நித்திரை கொண்டாவது வருவாள்.

2

இந்த ஜீப்புக்காரர்கள் உயிரைக் கொடுக்கிற ஒரு சாமான் உண்டு. அதை நாங்கள் காற்றுப் பூட்டு என்று சொல்லலாம்.

ஜீப்பின் அச்சு நடுவில் குண்டாக ஒன்று தொங்குமே, டிபரன்சல், அதன் வேலை இரண்டு சில்லுக்கும் பலத்தைப் பங்கிடுவது. ஆனால் அது ஒரு விசர்ப் பங்கீடு. ஒரு சில்லு சேற்றுக்குள் சும்மா சுற்றினால் பலம் முழுக்க அதுக்கே போகும். கெட்டி மண்ணில் நிற்கிற சில்லு பார்த்துக்கொண்டு நிற்கும். இந்தப் பூட்டை உள்ளே வைத்து, ஒரு சின்னக் கொம்பிறசரில் இருந்து காற்றைச் செலுத்தினால் இரண்டு சில்லும் பூட்டுப்பட்டு ஒன்றாகச் சுற்றும். சேற்றில் இருந்து ஜீப் எழும்பி வரும். சுவிச்சை நிற்பாட்டினால் காற்று இறங்கி, பழையபடி ஆகிவிடும்.

சமாதான காலம் வந்து தபால் போகத் தொடங்கினவுடன் நான் செய்த முதல் வேலை, என் ஜீப் பாறையில் ஒற்றைச் சில்லைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படங்களை ஊருக்கு அனுப்பியதுதான். பெருமைக்குத்தான் அனுப்பினேன், வேறொன்றுக்கும் இல்லை. படம் ஊர் முழுக்கச் சுற்றியதாம். அக்கா போனில் சொன்னா: “எல்லாரும் கேக்கினம் தம்பி, உங்கை நல்ல றோட்டு இல்லையோ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?”

சிவம் மட்டும் வேறு கேள்வி கேட்டான். தூக்கின சில்லு சும்மா சுற்ற, ஜீப் எப்படிப் பாறையில் ஏறியது என்று கேட்டான். நான் விளங்கப்படுத்தினேன். பிறகு, தன்னுடைய ஜீப்புக்கும் அப்படி ஒன்று பொருந்துமா என்று கேட்டான்.

அவனுடைய ஜீப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கேயோ கிடந்த பழைய அமெரிக்கன் ஜீப்பின் வெறும் இரும்புச் சட்டம் ஒன்றுக்கு வேறு எஞ்சின் வைத்து, பொருளாதாரத் தடை நாட்களில் மண்ணெண்ணெயில் ஓட்டி, உயிரோடு வைத்திருந்தான். எங்கள் ஊருக்கு வருகிற காட்டுப் பாதை மாரியில் உழவு இயந்திரத்தைக்கூட விழுங்கும். அந்தப் பாதையில் நெல் மூட்டை, காய்ச்சல்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார், கோயிலுக்கு வருகிற ஐயர் எல்லாரையும் ஏற்றி இறக்குவது அவன்தான். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அக்காவின் புருசன், என் அத்தான், மலேரியாவில் செத்தபோது அவரைக் கொண்டுபோனதும் அந்த ஜீப்தான். கொள்ளிக்குடம் தூக்கியதும் சிவம்தான். நான் அன்றைக்கு இங்கே வேலையில் நின்றேன். செய்தி வந்து சேர்ந்தபோது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்துவிட்டிருந்தது.

பொருந்தும் மச்சான், என்றேன். சுகந்தினியின் கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்றேன். சொல்லும்போதே மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அத்தான் இல்லை. அப்போது பிள்ளையின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுப்பது தாய்மாமன். அந்த ஒன்றையாவது சிவம் செய்ய ஏலாது.

3

பூட்டு என்கிற இரும்புக் குண்டு ஒன்றையும் கொம்பிறசரையும் சுருட்டிய நீல ரியூப்பையும் உடுப்புப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டுவது எப்படி என்று ஒரு புத்தகத்திலும் எழுதியிருக்காது.

முதல் மேசையில் ஆமிக்காரர். எனக்குச் சிங்களம் வராது, அவருக்குத் தமிழ் வராது, இரண்டு பேருக்கும் இடையில் கொஞ்சம் ஆங்கிலம் கிடந்தது. அவர் குண்டைத் தூக்கிப் பார்த்தார், மணந்து பார்த்தார். நான் இரண்டு கையையும் சில்லுபோலச் சுற்றிக் காட்டினேன். ஒரு கையை நிற்பாட்டி, மற்றதை மட்டும் சுற்றினேன். பிறகு வாயால் “உஸ்” என்று காற்று விட்டு, இரண்டு கையையும் ஒன்றாகச் சுற்றினேன். வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மா எனக்கு வலிப்பு என்று பயந்துபோனா. கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: உள்ளே காற்று மட்டுந்தானா?

நடுவில் ஒருத்தருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு றோட்டு. அதைத் தாண்டினால் அங்கால் பக்கத்தில் இயக்கத்தின் மேசை. அங்கே இருந்த தம்பி தமிழ்ப் பிள்ளை, மரியாதையானவர். எங்கடை ஆக்கள் என்ற நினைப்பில் நான் சந்தோசமாக விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரி அண்ணை, உதுக்குள்ளை காத்து மட்டுந்தானோ?” என்றார்.

ஆர் ஜீப்புக்கு என்று கேட்டார். நெடுங்கேணிச் சிவத்தின் ஜீப்புக்கு என்றேன். அவருடைய முகம் மாறியது. “சிவமண்ணையின்ரையோ, அதை முதலே சொல்லியிருக்கலாமே” என்று பெட்டியைத் தானே பூட்டித் தந்தார். நான் என் பேரையும் சொன்னேன். ஓமோம் என்றார். அவ்வளவுதான்.

4

அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதா, சுகந்தினி காலில் விழுந்தாள், கோழிக்கறியும் சாப்பிட்டேன். எல்லாம் முடிந்து கை கழுவுகிற நேரம் பார்த்துத்தான் அக்கா மெதுவாக அதைத் தொடங்கினா.

“தம்பி, ஐயர் சொல்லுறார், தாரை வாக்கிறதுக்குச் சோடியா இருக்கவேணுமாம்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. தாரை வார்க்கும்போது கொடுக்கிறவர் மணப்பெண்ணின் கையைப் பிடிக்க, அவருடைய மனைவி தண்ணீர் ஊற்றவேண்டும். தனி ஆளாகச் செய்யக்கூடாது. என் மனைவி ரஞ்சி வரவில்லை. ஆரணிக்குப் பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனை, அவளைத் தனியே விட ஏலாது என்று நின்றுவிட்டாள். நான் வருவேன் என்பதில் இருந்த சந்தோசத்தில், தனியே வருகிறேன் என்பதன் கருத்தை நான் யோசிக்கவேயில்லை. அக்கா யோசித்திருந்தா. ஒரு மாதத்துக்கு முன்பே சிவத்தையும் அவன் மனைவி கமலாவையும் கேட்டுவிட்டாவாம்.

நல்லது என்றேன். அந்த நல்லதைச் சொல்ல என் வாய் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் சிவத்தின் வளவில், பாலை மரத்தின் கீழே ஜீப்பைக் கட்டையில் ஏற்றி வேலையைத் தொடங்கினோம். பின் சில்லுகளைக் கழற்றி, அச்சுத் தண்டுகளை இழுத்து, டிபரன்சலைத் திறந்து, பழைய குண்டை வெளியே எடுத்தோம். மண்ணெண்ணெயில் கழுவினோம். பெரிய பல்லுச் சில்லைப் புதுப் பூட்டில் இறுக்கி, பல்லும் பல்லும் சரியான இடைவெளியில் கடிக்கிறதா என்று மெல்லிய தகடுகளைப் போட்டும் எடுத்தும் பார்த்தோம். பல்லில் மை பூசி, சுற்றிவிட்டு, மை எங்கே தேய்கிறது என்று பார்ப்போம். அவன் சுற்ற நான் பார்ப்பேன், நான் சுற்ற அவன் பார்ப்பான். கையெல்லாம் கிறீஸ். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு அவனில் பொறாமை இருக்கவில்லை என்று எழுத விருப்பம். ஆனால் வளவுக்குள் வருகிற போகிற எல்லாரும் “சிவமண்ணை, சிவமண்ணை” என்று அவனைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்கள். நான் சில்லுக்குக் கீழே கிடந்தேன்.

அவனே கதையைத் தொடங்கினான்.

“டேய், அக்கா சொன்னவாவோ?”

“ஓம்.”

“உன்ரை இடமடா அது. எனக்குத் தெரியும். நீ இருக்கிறதெண்டா நான் இப்பவே எழும்பிப்போடுவன்.” தகட்டைத் துடைத்து ஒரு பக்கம் வைத்தான். “ஆனா கமலாவை உனக்குத் தரேலாது, அதுதான் பிரச்சினை.”

நான் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க ஏலாது. அவனில் எனக்குக் கோபம் வராமல் போவதற்கும் இதுதான் காரணம், பொறாமை போகாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

கமலா தேத்தண்ணி கொண்டுவந்தா. அவாவுக்கும் என் முகம் பிடிபட்டிருக்கவேண்டும். “அண்ணை, நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ. சுகந்தினியை நாங்கள் வளர்த்ததே உங்கடை பேரைச் சொல்லித்தான். படிக்காமல் திரிஞ்சால், மாமா வந்து கேட்டால் என்ன சொல்லுவாய் எண்டுதான் வெருட்டுறது” என்றா. ஆறுதலுக்குச் சொன்னா. எனக்கோ, பிள்ளையை வெருட்ட நான், தோளில் தூக்கிக்கொண்டு திரிய அவன் என்று கேட்டது.

காற்று ரியூப் போடுகிற வேலை மட்டும் மிச்சம் இருந்தது. நான் அக்காவோடு கூறைச் சேலை எடுக்க வவுனியாவுக்குப் போய்த் திரும்பி வந்தபோது, சிவம் அதையும் முடித்திருந்தான். கொம்பிறசரை முன்சீற்றுக்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில் பூட்டியிருந்தான். சுவிச்சைப் போட்டோம். உள்ளே “டக்” என்று பூட்டிய சத்தம் கேட்டது. இரண்டு பின் சில்லும் ஒன்றாகச் சுற்றின. வேலியில் நின்ற சனம் கைதட்டியது. ஆருக்குத் தட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை.

5

முகூர்த்தம் கார்த்திகையில் விழுந்தது. ஐயர் சாதகத்தைப் பார்த்தவர், பாதையைப் பார்க்கவில்லை என்று சிவம் சொல்லிச் சிரித்தான். கல்யாணத்துக்கு முந்தின மூன்று நாளும் மழை.

மாப்பிள்ளை புதுக்குடியிருப்பு. அவருடைய ஆட்கள் வந்த வான், காட்டுப் பாதை தொடங்குகிற இடத்தோடு நின்றுவிட்டது. அதற்கு உள்ளே வர அதால் ஏலாது. சிவமும் நானும் ஜீப்பில் போனோம். போகும்போது ஆட்கள் இல்லாதபடியால் ஜீப் பாரமில்லாமல் ஓடியது, பூட்டுத் தேவைப்படவில்லை. மாப்பிள்ளையை முன்சீற்றிலும், அவருடைய தாய் தகப்பனையும் தமக்கையையும் பின்னாலும் ஏற்றினோம். பின்னால் அவர்களோடு நானும் நெருக்கிக்கொண்டு இருந்தேன். மற்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

பாதி வழியில் ஒரு பள்ளம் உண்டு. குளத்து வாய்க்கால் உடைத்துப் பாய்கிற இடம். அதில் இறங்கினதும் ஜீப்பின் பின்பக்கம் சேற்றுக்குள் புதைந்தது. ஒரு சில்லு சேற்றை வாரி அடிக்கத் தொடங்கியது, மற்றது சும்மா நின்றது. இதற்காகத்தானே இவ்வளவும். சிவம் சுவிச்சைப் போட்டான். கொம்பிறசர் இரைந்தது. “டக்” சத்தம் வரவில்லை. சீறுகிற சத்தம்தான் வந்தது.

நான் இறங்கி முன்பக்கம் போய், மாப்பிள்ளையின் கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தேன். கொம்பிறசரில் இருந்து ரியூப் கழன்று கிடந்தது. அது நான் கொண்டுபோன நீல ரியூப் இல்லை. ஆசுப்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற வெள்ளை ரியூப்.

“புது ரியூப் எங்கையடா?”

சிவம் ஸ்ரேறிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அலுமாரிக்குள்ளை.”

“அலுமாரிக்குள்ளையோ?”

“நல்ல சாமான் மச்சான். இனி எப்ப பாதை மூடுமோ ஆருக்குத் தெரியும்? ஒருக்கா வெட்டினா வெட்டினதுதானே. இதாலையும் காத்துப் போகுதுதானே எண்டு…”

வேறு எந்த நாட்டுக்காரனும் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டான். தடைக் காலத்தில் சோப்பில் பாதி, பற்றறியில் பாதி, நெருப்புப் பெட்டியில் பாதி என்று ஒளித்துவைத்துப் பழகின கை. புதுச் சாமான் என்றால் அது பாவிப்பதற்கு இல்லை, வைத்திருப்பதற்கு. சேலைன் ரியூப்பில்தான் அவன் எத்தனையோ வருடம் மண்ணெண்ணெய் ஓட்டினான். மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக வரும், இந்தக் காற்று அடித்துக்கொண்டு வரும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் மனம் வரவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் எனக்குச் சந்தோசம் வந்தது. சேற்றுக்குள் முழங்கால் புதைய நின்றுகொண்டு, சம்பந்திமார் பின்னால் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, முகூர்த்தம் நெருங்க, எனக்குச் சந்தோசம். சிவமண்ணைக்கும் பிழைக்கும். ஊர் முழுக்க இதைக் கதைக்கும்.

இன்னொன்றும் தோன்றியது. மாப்பிள்ளையை நான் நடத்திக் கூட்டிக்கொண்டு போகலாம். சிவம் ஜீப்போடு நிற்கட்டும். நேரத்துக்கு அவன் வராவிட்டால் ஐயர் சோடி என்ற கதையைக் கொஞ்சம் தளர்த்தத்தான் வேண்டும். மாமன் நிற்கிறேனே.

சிவமும் அதையேதான் யோசித்திருக்கவேண்டும். “மச்சான், நீ மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நட. நான் இதைப் பாக்கிறன். போய் நீ இரு அதிலை” என்றான். குரலில் ஒரு நெளிவும் இல்லை. முகம் மட்டும் வெளிறியிருந்தது. பட்டு வேட்டியின் கரையை நனையாமல் இடுப்பில் சொருகியிருந்தான். காலையில் கமலா அதை மினுக்கிக் கொடுத்ததை நான் கண்டிருந்தேன்.

அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் நடந்திருப்பேன்.

“மாப்பிள்ளையின்ரை தாய் இந்தச் சேத்துக்குள்ளை எப்பிடி நடக்கிறது? கதையாதை, ஸ்ரேறிங்கைப் பிடி” என்றேன்.

ரியூப்பைத் திரும்பக் கொழுவிக் கம்பியால் சுற்றினோம். காற்று ஏற ஏற அது வழுகிக்கொண்டு வந்தது. கையால் அமத்திப் பிடித்தால் நின்றது. அப்படியென்றால் யாராவது பிடித்துக்கொண்டே வரவேண்டும். கொம்பிறசர் இருக்கிறது மாப்பிள்ளையின் காலடியில். நான் என் சால்வையைக் கையில் சுற்றி, மாப்பிள்ளையின் காலுக்கும் முன் தகட்டுக்கும் நடுவே குந்தி, தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் ரியூப்பை நெரித்துப் பிடித்தேன். “டக்” என்றது.

ஜீப் ஒரு தரம் உறுமி, ஒரு பக்கம் சரிந்து, பிறகு எழும்பியது. பின்னால் தமக்கை “முருகா” என்றா. அதற்குப் பிறகு வழி முழுக்கச் சேறுதான், கையை எடுக்க ஏலாது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் வேட்டிக் கரையும் செருப்பும் மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் நெற்றி அவருடைய முழங்காலில் முட்டியது. நல்ல பிள்ளை. தலைப்பாகையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, “மாமா, நான் காலைக் கொஞ்சம் அங்காலை வைக்கட்டே?” என்று கேட்டார்.

அன்றைக்கு என்னை மாமா என்று முதலில் கூப்பிட்டது அவர்தான்.

ஊருக்குள் வந்ததை நான் காணவில்லை, கேட்டேன். முதலில் நாய்கள், பிறகு மேளம், பிறகு வெடி. ஆட்கள் ஓடிவருகிற சத்தம். மாப்பிள்ளை வந்திட்டார் என்றுகூட ஒருத்தரும் சொல்லவில்லை. “சிவமண்ணை வந்திட்டார், சிவமண்ணை வந்திட்டார்” என்றுதான் பந்தல் முழுக்கக் கேட்டது. நான் குனிந்தபடி ரியூப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜீப் நின்றது தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. அக்காவின் குரல் கேட்டது: “தம்பி எங்கை? தம்பியைக் காணேல்லை.”

6

மேலெல்லாம் சேறு. அப்படியே பந்தலுக்குள் போக ஏலாது. கிணற்றடியில் ஊற்றிக்கொண்டு, இன்னொருத்தரின் வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு நான் வந்து நின்றபோது தாரை வார்ப்பு தொடங்கிவிட்டது. மாப்பிள்ளைத் தோழனாக இருந்தது சிவத்தின் மூத்த மகன். சிவம் சுகந்தினியின் கையைப் பிடித்திருந்தான். கமலா செம்பில் இருந்து தண்ணீர் ஊற்றினா. ஐயர் முன்னோர்களின் பேர்களைச் சொன்னார், என்னையும் அக்காவையும் பெற்ற ஐயாவின் பேரும் அதில் வந்தது.

சிவத்தின் கை நடுங்கும், தண்ணீர் சிந்தும், சனம் சிரிக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். நடுங்கியது, ஆனால் அவன் அழுததால் நடுங்கியது. பார்த்துக்கொண்டிருந்த சனமும் அழுதது. அதையும் அவன் வடிவாகத்தான் செய்தான்.

பிறகு மணமக்கள் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்க வந்தார்கள். சிவமும் கமலாவும் முதலில். அது ஒழுங்கு. அடுத்தது என்னிடம் வந்தார்கள். சுகந்தினி குனியப் போனவள் நிமிர்ந்துவிட்டாள். “மாமா, கையிலை இரத்தம்” என்றாள். கம்பி வெட்டியிருந்தது, எனக்கே தெரியாது. எத்தனையோ ஆயிரம் கொடுத்து எடுத்த கூறையின் தலைப்பால் என் விரலைப் பிடித்தாள். விடு பிள்ளை, கூறை பழுதாப்போகும் என்றேன். அவள் விடவில்லை.

சிவத்தின் கையில் இரத்தம் இல்லை. நான் பார்த்தேன்.

கல்யாணம் முடிந்து நாலாம் நாள் நீல ரியூப்பை எடுக்கச் சொல்லிச் சிவத்தோடு சண்டை பிடித்தேன். அது கிடக்கட்டும் மச்சான், இந்த மாரியை இதோடை சமாளிப்பம் என்றான். கமலாதான் அலுமாரித் திறப்புக் கொத்தை எடுத்துத் தந்தா. நானே வெட்டி, நானே பூட்டிவிட்டு வந்தேன். மிச்சம் வந்த துண்டை அவன் சுருட்டித் திரும்ப அலுமாரிக்குள் வைத்தான்.

7

இங்கே வந்த பிறகு என் ஜீப்பின் முன் அச்சுக்கும் ஒரு பூட்டுப் போட்டேன். சிவத்திடம் இருக்கிறது பின்னால் மட்டுந்தான். என் மனம் வேலை செய்கிற விதம் அப்படி.

ஆனால் பழைய ருசி இல்லை. போன மாதம் ஒரு மோசமான ஏற்றத்தில் முன்வண்டியாக ஏறி உச்சிக்குப் போய் நின்றேன். கீழே இருந்து ரேடியோவில் சரியா என்று கேட்டார்கள். நான் வாய் மறந்து தமிழில் “ஓம், ஓம்” என்றுவிட்டேன். அவர்கள் நான் தியானம் செய்கிறேன் என்று நினைத்து மரியாதையாக அமைதியாக இருந்தார்கள். பிறகு விளங்கிச் சிரித்தார்கள். நல்ல மனிசர். ஆனால் அந்த உச்சியில் இறங்கிப் பார்த்தால் மரம், பனிப்புகார், ஒரு குருவி. எனக்காக அங்கே ஒருத்தரும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. சிவம் சேற்றைத் தாண்டினால் அங்கால் பக்கம் யாராவது விளக்கோடு நிற்பார்கள். நான் தாண்டினால் திரும்பி வருவதற்கு ஒரு வழி இருக்கும், அவ்வளவுதான்.

இந்த வருடம் சண்டை திரும்பத் தொடங்கி ஓமந்தைப் பாதை மூடியது. அவன் சொன்னதுபோலவே மூடியது. அவர்கள் எல்லாரும் அங்காலை, நான் இங்காலை. பாணும் மருந்தும் இல்லாத இடத்தில் இருக்கிற ஒருத்தனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாய், உனக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று ரஞ்சி கேட்கிறாள். அவள் கேட்பது சரி. ஆனால் ஒரு கஷ்டம் வந்தால் அக்கா கூப்பிடுகிற தூரத்தில் அவன் நிற்கிறான். அந்தத் தூரத்தில்தான் எனக்குப் பொறாமை.

மூன்று கிழமைக்கு முன், வேலையில் நின்றபோது ஒரு போன் வந்தது. புதுக்குடியிருப்பில் யாரோ ஒருத்தரின் கடையில் இருந்து, நெடு நேரம் வரிசையில் நின்று எடுத்திருந்தார்கள். அக்கா முதலில் கதைத்தா. சுகந்தினிக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. கொட்டுகிற மழையில், ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது யார் என்று நான் கேட்கவில்லை. அவா சொல்லவும் இல்லை. சொல்லாமல் விட்டது என் குணம் தெரிந்துதான்.

பிறகு சுகந்தினி எடுத்தாள்.

“மாமா, பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள் வருது. பேர் வைக்கவேணும். ம எழுத்திலை வரவேணுமாம். சிவம் மாமா முகிலினி எண்டு ஒண்டு சொன்னவர், மழைக்குள்ளை பிறந்ததெண்டு. அம்மா சொல்லுறா, தாய்மாமனைக் கேக்காமல் வைக்கக் கூடாதாம். நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதைத்தான் வைக்கிறது.”

முகிலினி. வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு நல்ல பேர். இரவு பகலாக யோசித்தாலும் எனக்கு அப்படி ஒன்று வந்திராது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பேரையே வை பிள்ளை என்று சொல்ல ஒரு நொடி போதும். என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள், இத்தனை வருடத்தில் ஒரு முறை, என்னிடம். அதையும் அவனிடமே தூக்கிக் கொடுப்பதா?

“மிதுலா” என்றேன். வேலையில் என்னோடு நிற்கிற ஒருத்தரின் மகளின் பேர். கருத்து என்ன என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

“என்ன மாமா?” என்று கேட்டாள்.

மிதுலா, மிதுலா என்று இரண்டு தரம் கத்தினேன். தொழிற்சாலை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கால் பக்கம் இரைச்சல் கேட்டது. பிறகு இரைச்சலும் இல்லை.

அன்றைக்கு இருந்து ஒவ்வொரு நாளும் அந்த இலக்கத்துக்கு எடுக்கிறேன். மணி அடிப்பதே இல்லை. முப்பத்தொன்று கழிந்திருக்கும். பிள்ளையை ஒரு பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டதா, கேட்டும் பிடிக்கவில்லையா, எனக்குத் தெரிய வழியில்லை.

எங்கள் வீட்டில் அவளுக்குப் பேர் மிதுலா. ரஞ்சி சில நேரம் மறந்துபோய், முகிலினி இந்த மழைக்குள் என்ன பாடோ என்று சொல்லிவிடுவாள். நான் திருத்துவேன்.